தண்ணீர் எங்கே? ஒரு போட்டியின் விதிகளும் நான் கற்ற பாடமும்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் நடத்திய போட்டியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெற்றிக் கதை ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தப் போட்டியில் நான் செய்த மூன்று தவறுகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவற்றில் ஒன்று ஒரு மாணவியை மிகவும் வருத்திவிட்டது. அந்த மூன்றும் உங்கள் பள்ளியிலும் நடக்கக்கூடியவை. ஆண்டு முழுக்க ஓவியம், பேச்சு, கட்டுரை, அறிவியல் கண்காட்சி என்று ஏதாவது ஒரு போட்டிக்கு நடுவராக உட்காருகிறவர்கள் நாம்.

முதலில் போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். கணினித் துறையில் ‘கேம் ஜாம்’ என்று ஒன்று உண்டு. ஒரு கருப்பொருள் கொடுப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் அதை வைத்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்க வேண்டும். 2002இல் தொடங்கிய ‘லுடும் டேர்’ இவற்றில் பழையது. 2009இல் தொடங்கிய ‘குளோபல் கேம் ஜாம்’ முதல் ஆண்டிலேயே 23 நாடுகளில் 53 இடங்களில் நடந்தது. இரண்டிலும் 48 மணி நேரம் என்பது அடிப்படைக் கணக்கு.

நம் பிள்ளைகளுக்கு 48 மணி நேரமெல்லாம் வேண்டாம், மூன்று மணி நேரம் போதும் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 23ஆவது அலகு ‘காட்சித் தொடர்பு’. அதில் ஸ்க்ராட்ச் மென்பொருள் வருகிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தியே நிரல் எழுதலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். பத்துக் கணினி, பத்து அணி, அணிக்கு இருவர். 2024 அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை போட்டி வைத்தேன். கருப்பொருள்: தண்ணீர்.

கோவைக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிறுவாணி, நொய்யல் என்று நம் பேச்சில் பாதி அதுதான். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டிருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்று நீர் வரும் திட்டம். பிள்ளைகள் வீட்டில் இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். நல்ல கருப்பொருள் என்று எனக்கே ஒரு திருப்தி. ஒரு வாரம் முன்பே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்துவிட்டேன். விதிகளையும் எழுதி ஒட்டினேன். நான்காவது விதி இது: ‘கருப்பொருள் இடம்பெறாத ஆட்டம் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படாது.’

போட்டி நடந்தது. முதல் பரிசு பெற்றது ஒரு படகு விளையாட்டு. ஆறு ஓடுகிறது, பாறை வருகிறது, படகைத் திருப்ப வேண்டும். திரை முழுக்க நீலம். கருப்பொருளுக்கு இருபதுக்கு இருபது போட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் செய்த ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். திரையில் ஒரு சிறுமி, நான்கு குடங்கள், ஒரு தெருக்குழாய், மேலே ஒரு கடிகாரம். குழாயைச் சொடுக்கினேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. ஒன்றும் வரவில்லை. “தண்ணீர் எங்கே? திரையில காட்டு” என்று கேட்டேன். நிரலை எழுதிய பிள்ளை அதிகம் பேசாதவள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நிரலில் பிழை, கருப்பொருளும் இல்லை என்று குறித்துவிட்டு, நான்காவது விதிப்படி அந்த அணியை நீக்கினேன். அடுத்த கணினிக்குப் போய்விட்டேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

நடுவில் மின்சாரம் போனது. மூன்று கணினிகளுக்கு யுபிஎஸ் தாங்கவில்லை. கால் மணி நேரம் போய்விட்டது. ஓர் அணி மாணவன் எழுந்து வந்து, “டீச்சர், எங்களுக்குப் பத்து நிமிஷம் சேர்த்துக் குடுங்க” என்றான். கொடுத்தேன். மற்ற இரண்டு அணிகளும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

போட்டி முடிந்து சில வாரங்கள் கழித்து ஆண்டு விழா வந்தது. படகு ஆட்டத்தை மேடையில் போட்டுக் காட்டலாம் என்று, முதல் பரிசு வாங்கிய மாணவனிடம் படகின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அவனுக்கு எந்தக் கட்டையை மாற்றுவதென்று தெரியவில்லை. விசாரித்ததில், கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் முன்பே செய்து வைத்திருந்த ஆட்டம் அது. பென் டிரைவில் கொண்டு வந்து, பின்னணியை மட்டும் நீலமாக்கியிருந்தான். கருப்பொருளை ஒரு வாரம் முன்பே சொல்லி அதற்கு வழிவிட்டவள் நான்தான்.

மனம் உறுத்தியது. எல்லாக் கோப்புகளையும் மறுபடி திறந்து பார்த்தேன். குழாய் ஆட்டத்தின் நிரலையும் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. ‘காத்திரு’ என்ற கட்டைக்குள் ஏதாவது ஓர் எண்ணை எடுக்கும் கட்டையை வைத்திருந்தாள். தண்ணீர் சில நொடியிலும் வரலாம், ஐந்து நிமிடம் கழித்தும் வரலாம். வரும்போது குழாயில் ‘உஸ்’ என்று காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் சிறுமி குழாயடியில் இருந்தால் ஒரு குடம் நிறைந்ததாகக் கணக்கு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் வருகைப் பதிவு ஏறும், தண்ணீர் போய்விடும். காத்திருக்க வைத்தால் வருகைப் பதிவு இறங்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஆடினேன். கடைசியில் திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: ‘நாளைக்கு’.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, “ஏம்மா அன்னிக்கே சொல்லலை?” என்று கேட்டேன்.

“திரையில தண்ணியக் காட்டுன்னு கேட்டீங்க டீச்சர். காட்டறதுக்குத் தண்ணி இல்லீங்களே” என்றாள்.

பத்து அணிகளில் கருப்பொருளை ஆழமாக எடுத்துக்கொண்ட அணியைக் கருப்பொருள் இல்லை என்று நீக்கினேன். ஒரு வரிகூடத் தானே எழுதாதவனுக்கு முதல் பரிசு கொடுத்தேன். வாய்விட்டுக் கேட்டவனுக்கு நேரம் கொடுத்தேன், கேட்காதவர்களுக்குக் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறேன் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவையும் செய்தேன்.

நண்பர்களே, விதியில் கண்டிப்பு வேண்டும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட வேண்டும் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இந்த அனுபவத்துக்குப் பிறகு, எந்த விதியில் கண்டிப்பு, எந்த விதியில் தளர்வு என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகளின் தெரு விளையாட்டைக் கவனியுங்கள். பாண்டி ஆடும் முன் பேசிக்கொள்வார்கள்: கோட்டை மிதித்தால் அவுட்டா, சில்லு கோட்டின் மேல் விழுந்தால் என்ன கணக்கு? ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு வழக்கம். அது யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் தொடங்கிய பிறகு நடுவில் மாற்றினால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று கத்திவிடுவார்கள். சின்னத் தம்பி வந்து நானும் வருவேன் என்று அழுதால் விரட்ட மாட்டார்கள், ‘ஒப்புக்கு’ச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஆடுவான், கணக்கில் வர மாட்டான். அதாவது முன்கூட்டியே பேசுவது, நடுவில் மாற்றாதது, தகுதி இல்லாதவரையும் வெளியே தள்ளாதது. இந்த மூன்றும் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது. நான் மூன்றையும் மீறியிருந்தேன்.

இதையேதான் லுடும் டேரிலும் செய்கிறார்கள். அங்கே தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒன்றில் தனி ஆளாக, 48 மணி நேரத்தில், படம் ஒலி எல்லாம் தானே செய்ய வேண்டும், நிரலையும் திறந்து காட்ட வேண்டும். அந்த விதிகள் கடுமையானவை. மற்றொரு பிரிவில் 72 மணி நேரம் தருகிறார்கள், குழுவாகச் சேரலாம், விதிகளும் தளர்வு. முதல் பிரிவின் விதிக்குள் வராத ஆட்டம் இரண்டாம் பிரிவுக்குப் போகும். நம் தெருவின் ‘ஒப்புக்கு’த்தான் அது. கருப்பொருளை அங்கே மதிப்பெண் தலைப்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். புதுமைக்கு ஒரு மதிப்பெண், சுவைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, கருப்பொருளுக்கு ஒன்று. கருப்பொருளை விட்டு விலகினால் அந்தத் தலைப்பில் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

அளவிடக்கூடிய விதி என்றால் அங்கே கண்டிப்பு வேறு மாதிரி. ‘ஜேஎஸ்13கே’ என்ற போட்டி 2012 முதல் நடக்கிறது. இணைய உலாவியில் ஓடும் ஆட்டம் மொத்தமும் சுருக்கப்பட்ட கோப்பாக 13 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது 13,312 பைட். ஒரு பைட் கூடினாலும் கூடியதுதான். அதில் வாதாட எதுவும் இல்லை. கணினியே எண்ணிச் சொல்லிவிடும், நடுவரின் பார்வைக்கு அங்கே வேலை கிடையாது. கருப்பொருள் அப்படியா? ‘இதில் தண்ணீர் இருக்கிறதா’ என்ற கேள்விக்குப் பதில், பார்ப்பவரின் அனுபவத்தையும் அன்றைய பொறுமையையும் பொறுத்தது. எனக்கு அன்று பொறுமை மூன்று சொடுக்குக்குத்தான் இருந்தது.

நம் இலக்கியத்திலும் இதற்கு வழி இருக்கிறது. கொடுத்த சொல்லை வைத்து, கொடுத்த யாப்பில், உடனே பாடுவது நம் புலவர்களின் பழைய போட்டி. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடித்து முருகனைப் பாடச் சொன்னபோது காளமேகப் புலவர் பாடியதாகச் சொல்லப்படும் வெண்பாவை வகுப்பில் நாம் எல்லோருமே சொல்லியிருப்போம். செருப்பு என்பதைப் பிரித்தார், போர்க்களம் வந்துவிட்டது. விளக்குமாறு என்பது ‘விளக்கும்படி’ என்று ஆகிவிட்டது. வெண்பாவின் தளையில் அவர் தளர்வு கேட்கவில்லை. அது கறார். கொடுத்த சொல்லின் பொருளை மட்டும் தன் விருப்பத்துக்குத் திருப்பிக்கொண்டார். கேட்டவர் நினைத்த செருப்பு அதில் இல்லை என்று யாராவது அவரை நீக்கினால் நாம் சிரிப்போம். நான் அதைத்தான் செய்திருந்தேன்.

இதற்கு எதிர்க் கேள்வி உண்டு. எங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். “கருப்பொருளைத் தளர்த்திவிட்டால் எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து, இதுதான் தண்ணீர் என்று சொல்லிவிடுவானே?” நியாயமான கேள்வி. கேம் ஜாம்களில் கருப்பொருளைத் தொடங்கும் நேரத்தில்தான் வெளியிடுவார்கள். முன்பே செய்து கொண்டுவருவதைத் தடுக்க அது ஒரு வேலி. நானோ வேலியை ஒரு வாரம் முன்பே திறந்துவிட்டு, கடைசியில் வாசலில் நின்று கண்டிப்புக் காட்டினேன். வேலி ரகசியத்தில் இருக்க வேண்டும். மதிப்பீட்டில் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: “எல்லாவற்றிலும் இப்படி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?” முடியாது. 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிறது. அங்கே எல்லா ஊருக்கும் ஒரே விதி இருந்தால்தான் நியாயம். நாம் ஓர் ஊரில் தளர்த்தினால் அடுத்த ஊர்ப் பிள்ளைக்கு அநியாயம். அதேபோல் 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அமைச்சகங்களும் நிறுவனங்களும் தங்கள் உண்மையான சிக்கலைக் கேள்வியாகத் தருகின்றன. கேட்ட சிக்கலுக்குத் தீர்வு கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்தால் கேட்டவருக்குப் பயன் இல்லை. அங்கே தலைப்பு கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். நான் சொல்வது, பிள்ளையைச் சிந்திக்க வைப்பதற்காகவே பள்ளிக்குள் நாம் வைக்கும் போட்டிகளைப் பற்றி.

2025-26இல் மறுபடி நடத்தினோம். விதிகள் ஐந்துதான்.

ஒன்று, கருப்பொருள் உறையில் இருக்கும். காலை பத்து மணிக்குத்தான் திறக்கப்படும்.

இரண்டு, ஆட்டம் அன்றைக்கு வெற்றுத் திரையில் தொடங்கியதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து எடுத்த படமோ ஒலியோ இருந்தால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மதிப்பெண் குறையாது. மறைத்தால் போட்டியில் இல்லை.

மூன்று, நேரம் மூன்று மணி. மின்சாரம் போனால், பாதிக்கப்பட்ட கணினி எதுவோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும் போன நேரம் அத்தனையும் திருப்பித் தரப்படும்.

நான்கு, கருப்பொருளுக்கு ஐம்பதில் பத்து மதிப்பெண். அதற்காக யாரும் நீக்கப்பட மாட்டார்கள். மதிப்பெண் போடும் முன் ஒவ்வோர் அணியும் இரண்டு நிமிடம் தன் ஆட்டத்தையும் நிரலையும் விளக்கும்.

ஐந்து, முதல் மூன்று விதிக்குள் வராத ஆட்டம் ‘திறந்த பிரிவில்’ காட்சிக்கு வைக்கப்படும், பரிசு கிடையாது.

கருப்பொருளாக அந்த முறை ஒரு சொல்லைக் கொடுக்கவில்லை. 2013 குளோபல் கேம் ஜாமில் இதயத் துடிப்பின் ஒலியையே கருப்பொருளாகக் கொடுத்திருந்தார்கள். அதைப் பின்பற்றினேன். உறைக்குள் ‘கேளுங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. கைபேசியில் விசைத்தறிச் சத்தத்தை ஓட விட்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்திருக்கிறார்கள். ஓர் அணி அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடும் ஆட்டம் செய்தது. ஓர் அணி ரயில் செய்தது. ஓர் அணியின் ஆட்டத்தில் சத்தம் நிற்கும்போதெல்லாம் தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். தறியை ஓட விட்டால்தான் தூங்கும்.

ஓர் அணி வழக்கமான பாம்பு ஆட்டத்தைச் செய்துவிட்டு, பாம்பு தறி மாதிரி ஆடுகிறது என்றது. கருப்பொருளுக்குப் பத்துக்கு ஒன்று போட்டோம். ஆனால் நிரல் சுத்தமாக இருந்தது, ஐந்தாம் இடம் வந்தார்கள். பென் டிரைவில் கொண்டுவந்த ஓர் அணி, நிரலை விளக்கும்போது தானே ஒப்புக்கொண்டது. திறந்த பிரிவில் வைத்தோம். அழுகையும் இல்லை, அவமானமும் இல்லை.

சிரமம் இல்லாமல் இல்லை. பத்து அணிக்கும் விளக்கம் கேட்க ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. தொட்டில் ஆட்டத்துக்குக் கருப்பொருள் மதிப்பெண்ணாக மூன்று நடுவர்களில் ஒருவர் நான்கு போட்டார், ஒருவர் ஒன்பது போட்டார். உட்கார்ந்து பேசித்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆனால் அந்த வேறுபாடு அதிகபட்சம் ஐந்து மதிப்பெண். ஒரு பிள்ளையையே அழித்துவிடும் வேறுபாடாக அது இல்லை.

தொடக்கப் பள்ளி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்குக் கணினி கட்டாயம் இல்லை. அட்டை, சோழி, புளியங்கொட்டை போதும். ஆடு புலி ஆட்டத்தின் கட்டத்தை வரைந்து, மூன்று புலி, பதினைந்து ஆடு என்று ஆடிக் காட்டிவிட்டு, ‘இதே கட்டத்தில் புது ஆட்டம் ஒன்று செய்யுங்கள்’ என்று நான்காம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். கட்டம் மாறக் கூடாது என்பதில் கறாராக இருங்கள். ஆடும் புலியும் என்னவாக மாறுகின்றன என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். குழாய் ஆட்டத்தை அதே வகுப்பில் திரையில் போட்டுக் காட்டினேன். இரண்டாம் ஆண்டு அவள் கலந்துகொள்ளவில்லை. “பத்தாவதுங்க டீச்சர், படிக்கணும்” என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் புதிய விதிகளை ஆய்வகக் கதவில் ஒட்டிய அன்று மதிய இடைவேளையில் வந்து நின்று முழுக்கப் படித்தாள்.

“நாலாவது விதிங்க டீச்சர்,” என்றாள். “ரெண்டு நிமிசம் பேசோணும்னு போட்டிருக்கீங்க. பேச வராதவங்க எழுதிக் குடுக்கலாமுங்களா?”

நான் பேனாவை எடுத்து, ‘பேசியோ எழுதியோ’ என்று அந்த வரியில் சேர்த்தேன். போட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதனால் அது அழுகுணி ஆட்டம் ஆகாது.